பெயர் வெட்டும் கடைக்குக் கம்ப்யூட்டரும் லேசரும்: முத்ரா கடன் வாங்குவது எப்படி?

சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்கள், பித்தளைப் பெயர்ப்பலகை செய்கிறவர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்குக் கேடயம் தயாரிக்கிறவர்கள் பலர் இன்னும் பேண்டோகிராஃப் மெஷினை நம்பித்தான் கடை நடத்துகிறார்கள். அச்செழுத்தை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்கி, அதன் பள்ளத்தில் முள்ளை ஓட்டி வெட்ட வேண்டும். தமிழ் என்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்ந்து வேலை இரட்டிக்கும். அறுபது கேடயம் என்றால் அறுபது முறை அடுக்கி, அறுபது முறை பிரிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரோடு இணைந்த லேசரில் வடிவத்தை ஒருமுறை வரைந்தால் போதும். பள்ளி அனுப்பும் எக்செல் பட்டியலிலிருந்து பெயர்கள் தாமாக மாறிக்கொள்ளும். அடுத்த ஆண்டு அதே பள்ளி வந்தால், பழைய கோப்பைத் திறந்து தேதியை மாற்றினால் வேலை தயார்.

இதற்குப் பணம் தேடும்போது பலர் முதலில் கேள்விப்படுவது பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடனோடு கிடைக்கும் மானியம். அதன் முதல் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே நடக்கும் கடைக்குக் கிடையாது. இது தெரியாமல் திட்ட அறிக்கைக்குக் காசு கொடுத்துவிட்டு அலைகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

நடந்துகொண்டிருக்கும் கடைக்குப் பொருந்துவது, 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டம். இதில் 50,000 ரூபாய் வரையான கடனுக்குப் பெயர் சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ், 2024 அக்டோபரிலிருந்து உண்டு. வீட்டுப் பத்திரத்தையோ நகையையோ அடமானம் கேட்கக் கூடாது. வாங்கும் மெஷின் மட்டும் கடன் முடியும்வரை வங்கிக்கு ஈடாக இருக்கும்.

இது மானியம் அல்ல, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். வட்டி வங்கிக்கு வங்கி மாறும், இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். முத்ரா நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை, ஏஜெண்டும் வைத்திருக்கவில்லை. "முத்ராவிலிருந்து பேசுகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆதார், பான், கடை முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், உத்யம் எனும் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவின் சான்று, மெஷினுக்கான கொட்டேஷன் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம்.

கொட்டேஷன் வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு லேசர் மரம், அக்ரிலிக் போன்றவற்றுக்கு நல்லது. எவர்சில்வரிலும் பித்தளையிலும் அது நேரடியாகப் பதியாது. பாத்திரக் கடைக்கு வேண்டியது ஃபைபர் லேசர். மாற்றி வாங்கிவிட்டால் மெஷின் மூலையில் கிடக்கும், தவணை மட்டும் மாதாமாதம் வரும்.

விண்ணப்பத்தில் பலர் கோட்டைவிடும் இடம் திட்ட அறிக்கை. "நவீனமயமாக்கல்" என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை, நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பேச்சுக்கு, இப்போது ஒரு பெயருக்கு எட்டு நிமிடம், நாளைக்கு 30 பெயர் என்றால் நான்கு மணி நேரம். அதே வேலை புதிய மெஷினில் பெயருக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தால் ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் மிச்சம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நிரப்ப ஆர்டர் இருக்கிறதா என்பதுதான் வங்கி மேலாளரின் கேள்வி. உங்களுடைய கேள்வியும் அதுவாகவே இருக்க வேண்டும். வேலை வராத கடையில் மிச்சமான நேரம் தவணை கட்டாது. கல்யாண சீசனில் நேரமில்லாமல் திருப்பி அனுப்பிய வேலைகளை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். பழைய பில்களோடு அதையும் இணையுங்கள். என் மதிப்பில், கணக்கர் எழுதிக்கொடுக்கும் பத்துப் பக்கத்தைவிட அந்த நோட்டுக்கு எடை அதிகம்.

தமிழ் எழுத்துருவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர், போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் இருக்கும். கம்ப்யூட்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துரு மட்டும் இருந்தால் எழுத்துகள் குழம்பும்; மறுபடி தட்டச்சு செய்வதிலேயே மிச்சம் பிடித்த நேரம் போய்விடும். மெஷினோடு வரும் மென்பொருளில் யூனிகோடு தமிழ் சரியாக விழுகிறதா என்று, "ஸ்ரீ", "கௌ" இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் முத்ராவுக்குப் போகும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேளுங்கள். 35 சதவீத முதலீட்டு மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. நடக்கும் தொழிலை விரிவாக்கவும் கிடைக்கும்.

வங்கியில் விண்ணப்பம் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 25 லட்சம் வரையான சிறு தொழில் கடனுக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது. அப்போது முதலில் தேவைப்படுவது அந்த ஒப்புகைச் சீட்டுதான்.