சோலார் கோட்டேஷனில் மாட்டிவிடும் சின்னச் சின்ன ஆங்கிலம்

வீட்டு மாடியில் சோலார் போட நினைப்பவர்களுக்கு வரும் கோட்டேஷனைப் படித்துப் பார்த்து, "சரி, கையெழுத்துப் போடலாம்" அல்லது "பொறுங்க" என்று சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. 2024 பிப்ரவரியில் வீட்டு மாடி சோலாருக்குச் சப்சிடி தரும் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு, அதுவே பாதி வேலையாகிவிட்டது. கோவைப் பக்கம் தெருவுக்கு இரண்டு வீட்டில் பேனல் மின்னுகிறது. நல்லதுதான். ஆனால் வருகிற காகிதம் முழுக்க ஆங்கிலம். போட்டோவோல்டாயிக், மோனோ பெர்க், ஹாஃப் கட் செல் என்று வாயில் நுழையாத சொற்களைப் பார்த்ததும் படித்தவர்கள்கூடக் காகிதத்தை மூடிவிட்டு, கம்பெனிக்காரர் வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பெரிய சொற்கள் தெரியாததால் யாருக்கும் பணம் போய் நான் பார்த்ததில்லை. காசைக் கரைப்பதெல்லாம் அப் டு, எக்ஸ்ட்ரா, அட் ஆக்சுவல்ஸ், எஸ்டிமேட்டட், சப்ஜெக்ட் டு போன்ற சாதுவான சொற்கள். பள்ளியிலேயே படித்தவைதான், அதனால்தான் கண் அவற்றில் நிற்காமல் ஓடிவிடுகிறது.

முதலில் அளவு. கிலோவாட் என்பது சிஸ்டத்தின் திறன், கிலோவாட் ஹவர் என்பது அது தரும் மின்சாரம். நாம் யூனிட் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், அப்படியென்றால் 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். கோட்டேஷனில் "அப் டு 15 யூனிட்ஸ் பெர் டே" என்று இருந்தால் அது பொய் இல்லை. பங்குனி வெயிலில் ஏதோ ஒரு நாள் அந்த அளவு வரலாம், ஐப்பசி மழையில் வராது. "அப் டு" என்ற இரண்டு சொல் அவரைக் காப்பாற்றிவிடும். ஆண்டுச் சராசரி எவ்வளவு என்று கேட்டு, அதை எழுதி வாங்குங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கொண்டு வந்த கோட்டேஷனைச் சொல்கிறேன். 3 கிலோவாட், 1,80,000 ரூபாய். அதன் கீழே தடித்த எழுத்தில் "ஆஃப்டர் சப்சிடி 1,02,000".

"தம்பி, அப்போ நான் ஒரு லட்சத்து ரெண்டாயிரம் ரெடி பண்ணா போதும்தானே?"

"இல்லைங்க டீச்சர். முழுப் பணமும் நீங்கதான் முதல்ல கட்டணும். சப்சிடி அப்புறம்தான் உங்க பேங்க் கணக்குக்கு வரும்."

இந்தத் திட்டத்தில் வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000 தான். சிஸ்டம் ஓட ஆரம்பித்து, ஆய்வு முடிந்து, திட்டத்தின் இணையதளமான போர்ட்டலில் பதிவான பிறகே பணம் வரும். பேனல் டிசிஆர் வகையாகவும் இருக்க வேண்டும், அதாவது செல்லும், செல்களைச் சேர்த்துச் செய்த மாட்யூலும் (முழு பேனல்) இந்தியாவில் தயாரானவை. டிசிஆர் இல்லாத பேனல் விலை குறைவு, ஆனால் சப்சிடி கிடையாது. கோட்டேஷனில் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். டீச்சருடையதில் இருந்தது.

அடுத்த வரி, "ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா அஸ் அப்ளிகபிள்". 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பொருத்தித் தரும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருளாகவும் 30 சதவீதம் சேவையாகவும் கணக்கிடுவார்கள், சேவைக்கு 18 சதவீதம். மொத்தத்துக்கு 8.9 சதவீதம் வரும். 1,80,000-க்கு 16,020 ரூபாய். அந்த நாலு சொல்லின் விலை அது. அதற்குக் கீழே "நெட் மீட்டர் சார்ஜஸ் அட் ஆக்சுவல்ஸ்". நீங்கள் லைனுக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் லைனிலிருந்து எடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்தான் நெட் மீட்டர். அதற்காக மின்வாரியத்துக்குக் கட்டும் தொகை என்னவோ அதை நீங்களே கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். அதற்கும் கீழே "ஸ்டாண்டர்ட் ஸ்ட்ரக்சர் ஒன்லி". மாடியில் வடாம் காயப்போட, துணி உலர்த்த, பேனலுக்கு அடியில் ஆள் நடக்க வேண்டுமென்றால் உயரமான ஸ்டாண்ட் வேண்டும். அது தனிச் செலவு. டீச்சர் கேட்டதே அந்த உயரமான ஸ்டாண்டைத்தான், விற்க வந்த பையனும் தலையாட்டியிருக்கிறான். காகிதத்தில் ஏறவில்லை.

பணம் கட்டும் விதத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள். இன்ஸ்டலேஷன் என்றால் பேனலை மாட்டி ஒயர் இழுத்து முடித்தாயிற்று. கமிஷனிங் என்றால் நெட் மீட்டர் வந்து, சிஸ்டம் முறைப்படி லைனோடு இணைந்து ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விழலாம். மீதிப் பணம் முழுக்க "ஆன் இன்ஸ்டலேஷன்" என்று இருந்தால், அந்த நாளோடு கம்பெனிக்காரருக்கு அவசரம் தீர்ந்துவிடும். பிறகு மீட்டருக்காக மின்வாரிய அலுவலகத்துக்கு நடப்பது நீங்கள். கடைசித் தவணையில் ஒரு பங்கையாவது "ஆன் கமிஷனிங்" என்று மாற்றச் சொல்லுங்கள். நியாயமான ஆள் மறுக்க மாட்டார்.

வாரன்டியில் 25 ஆண்டு என்பது பர்ஃபார்மன்ஸ் வாரன்டி. 25 ஆண்டு கழித்தும் பேனலின் திறன் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்ற உறுதி, அவ்வளவுதான். பேனலில் தயாரிப்புக் குறை வந்தால் பார்ப்பது ப்ராடக்ட் வாரன்டி, அது பெரும்பாலும் 10, 12 ஆண்டு. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு இன்னும் குறைவு, ஆனால் முதலில் கோளாறாவது அதுதான்! மூன்றையும் தனித்தனியே கேளுங்கள்.

அரசாங்க ஆங்கிலம் வேறு வகை. போர்ட்டலில் ஃபீசிபிலிட்டி என்ற படியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2024-இல் திருத்திய விதிப்படி 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். எம்பேனல்டு வெண்டார் என்றால் பட்டியலில் பதிவானவர். தரச் சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் பதிவில்லாதவரிடம் போட்டால் சப்சிடி வராது. சாங்ஷன்டு லோடு என்றால் உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த அளவு. அது உங்கள் மின் கட்டண ரசீதிலேயே இருக்கும், எடுத்து ஒருமுறை பாருங்கள்.

இதையெல்லாம் கற்க அகராதி தேவையில்லை. உங்கள் கோட்டேஷனையே எடுத்து, எண் இருக்கும் இடங்களையும் அதற்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் சொற்களையும் பேனாவால் சுழியுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று கம்பெனிக்காரரிடமே தமிழில் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாயால் "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்றவர், எழுதும்போது கொஞ்சம் யோசிப்பார்.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருகிறவர்கள் விஷயம் இதைவிடப் பெரியது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-இல் வந்ததிலிருந்து தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்துக்கும் ஆள் தேடி வருகிறது. அந்த ஒப்பந்தங்களில் லாக்-இன் பீரியட், அதாவது இடையில் விலக முடியாத காலம், யாரைக் கட்டுகிறது, இரண்டு தரப்பையுமா, உங்களை மட்டுமா என்று பாருங்கள். எஸ்கலேஷன் என்ற தலைப்பில் வாடகை உயர்வு சதவீதமாக இருக்கிறதா, "ஆஸ் மியூச்சுவலி அக்ரீட்" (இருவரும் பேசி ஒத்துக்கொண்டபடி) என்று அந்தரத்தில் நிற்கிறதா? அசைன்மென்ட் என்ற பிரிவு, உங்களைக் கேட்காமலே குத்தகையை வேறு கம்பெனிக்குக் கைமாற்ற இடம் கொடுக்கிறதா? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு நாளன்று அலுவலக வாசலில் நின்று படிக்கிற காகிதம் இல்லை இது. வரைவை ஒரு வாரம் முன்பே வாங்கி, உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். அவர்கள் அழைத்து வரும் வக்கீல் அவர்களுடைய வக்கீல்.