கொரில்லா பெர்மிட் பணத்தில் ஊருக்கு எவ்வளவு? ருவாண்டாவின் வருவாய்ப் பகிர்வுத் திட்டம்

ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வெளிநாட்டவர் ஒருவர் கட்ட வேண்டிய தொகை 1,500 டாலர். அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். பெர்மிட் விலையைப் பற்றிப் பயணக் கட்டுரைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். அந்தப் பணத்தில் மலையடிவாரத்து ஊர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. காட்டு விலங்கு பயிரை அழித்தால் இழப்பீடு கேட்கச் சட்டமும் இருக்கிறது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் எப்படி நடக்கின்றன, எங்கே இடறுகின்றன என்று பார்ப்போம்.

முதலில் இடம். ருவாண்டாவின் வடமேற்கு மூலையில், உகாண்டா, காங்கோ எல்லைகளை ஒட்டி விருங்கா எரிமலைத் தொடர் இருக்கிறது. ருவாண்டா பக்கத்துச் சரிவுகள்தான் எரிமலைகள் தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். கரிசிம்பி, பிசோகே, சபின்யோ, கஹிங்கா, முஹாபுரா என்று ஐந்து சிகரங்கள். உயரமான கரிசிம்பி 4,507 மீட்டர். கீழே மூங்கில் காடு, அதற்கு மேலே பாசி படர்ந்த ஹகேனியா மரங்கள், இன்னும் மேலே ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் லொபேலியா, செனேசியோ செடிகள். கொரில்லாவோடு தங்கக் குரங்கு, காட்டெருமை, சிறிய மான் வகைகள் எல்லாம் இங்கே வாழ்கின்றன.

பெல்ஜிய ஆட்சிக் காலத்தில், 1925-இல், ஆல்பர்ட் தேசியப் பூங்கா என்ற பெயரில் பாதுகாப்பு கிடைத்த காடு இது. அன்று இருந்த பரப்பில் பாதிக்கும் மேல் இன்று இல்லை. 1960-களிலும் 70-களிலும் குடியேற்றத்துக்கும், பூச்சிக்கொல்லி தயாரிக்க உதவும் பைரித்ரம் என்ற பூப்பயிருக்கும் காட்டை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இங்கே காட்டுக்கும் வயலுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. காடு முடிகிற இடத்தில் உருளைக்கிழங்கு வயல் தொடங்கிவிடுகிறது. எரிமலை மண், நல்ல மழை. பூங்காவின் அடிவாரத்தில் இருக்கும் கினிகி என்ற ஊரின் பெயரிலேயே ஒரு உருளைக்கிழங்கு ரகம் நாடு முழுவதும் விற்கிறது. ஆப்பிரிக்காவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் நாடுகளில் ஒன்று ருவாண்டா. ஒரு குடும்பத்தின் கையில் இருப்பது பெரும்பாலும் துண்டு நிலம்தான். அதில் ஒரே இரவில் காட்டெருமை இறங்கினால் அந்தப் பருவத்து வருமானம் போய்விடும்.

சரி, பெர்மிட்டுக்கு வருவோம். இதை வழங்குவது ருவாண்டா வளர்ச்சி வாரியம். 2017 மே மாதம் வரை 750 டாலராக இருந்ததை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கினார்கள். மனிதருக்குப் பழகிய ஒரு கொரில்லாக் கூட்டத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே பார்க்கலாம். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, இருமல் இருந்தால் போகக் கூடாது. முன்பு 7 மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கொரோனாவுக்குப் பிறகு அது 10 மீட்டர் ஆனது, முகக்கவசமும் கட்டாயமானது. இந்தக் கெடுபிடிகளைத் தேவையில்லாத கண்டிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. கொரில்லா நமக்கு மிக நெருங்கிய உறவு. நம்முடைய சளியும் காய்ச்சலும் அதற்கு எளிதில் தொற்றும். நமக்கு இரண்டு நாள் மூக்கடைப்பாகப் போவது ஒரு குட்டிக்கு உயிர் போகிற நோயாக மாறலாம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இந்தக் கண்டிப்பின் பலன் தெரியும். 1981-இல் விருங்கா மலைகள் முழுவதிலும் எண்ணியபோது 254 கொரில்லாக்கள் இருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் 604. உகாண்டாவின் புவிண்டி பகுதியையும் சேர்த்தால் இன்று ஆயிரத்தைத் தாண்டுகிறது. 2018-இல் இந்த இனத்தை ‘மிக அருகிய’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்கு மாற்றினார்கள். நடுவில் 1994 இனப்படுகொலையும் அதைத் தொடர்ந்த சண்டைகளும் நடந்த மலை இது. 1999-இல்தான் சுற்றுலா மீண்டும் தொடங்கியது. இவ்வளவுக்கும் நடுவே இந்த விலங்கு பெருகியிருப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் காட்டுக்குள் கொரில்லா பெருகுவதன் செலவை யார் சுமப்பது? விறகு எடுக்கக் கூடாது, மூங்கில் வெட்டக் கூடாது, மானுக்குக் கண்ணி வைக்கக் கூடாது, தண்ணீர் எடுக்கக்கூட உள்ளே போகக் கூடாது என்று சொல்லப்பட்ட அடிவாரத்து மக்கள்தான். வருவாய்ப் பகிர்வுத் திட்டம் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். 2005-இல் தொடங்கியபோது, தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் 5 சதவீதம் பூங்காவை ஒட்டிய ஊர்களுக்கு என்று வைத்தார்கள். 2017-இல் பெர்மிட் விலையை ஏற்றியபோது அதை 10 சதவீதமாக்கினார்கள். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இது செலவெல்லாம் போக மிஞ்சும் லாபத்தில் பங்கு இல்லை, வரும் மொத்த வருவாயில் பங்கு. செலவுக் கணக்கைக் காட்டிப் பங்கைச் சுருக்க முடியாது. திட்டத்தின் ஆகச் சிறந்த அம்சம் இதுதான் என்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு விலை கொடுத்த எட்டுப் பேர் ஒரு கூட்டத்தைப் பார்க்கப் போனால் 12,000 டாலர். அதில் 10 சதவீதம் 1,200 டாலர். ஆனால் இந்த 1,200 டாலர் அப்படியே பக்கத்து ஊருக்குப் போய்விடாது. நாட்டின் பூங்காக்களிலிருந்து வரும் பணம் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்ந்து, பிறகு ஒவ்வொரு பூங்காவையும் சுற்றியுள்ள பகுதிகளுக்குப் பிரிக்கப்படுகிறது. வருவாயில் பெரும்பகுதி கொரில்லா பெர்மிட்டால் வருவது. ஆக, விருங்கா சம்பாதிப்பதில் ஒரு பகுதி தெற்கே நியுங்வே காட்டோரத்து ஊர்களுக்கும், கிழக்கே அககேரா புல்வெளிப் பக்கத்து ஊர்களுக்கும் போகிறது. அங்கேயும் பூங்காவுக்காக விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இது நியாயமாகவே படுகிறது.

இனி, பணம் யார் கையில் வருகிறது என்ற கேள்வி. தனி ஆளுக்கு வராது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பலருடைய ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. ருவாண்டாவில் நிர்வாகம் அடுக்கடுக்காக இருக்கிறது: ஊர் அளவில் உமுடுகுடு, அதற்கு மேல் அககாரி, அதற்கு மேல் உமுரெங்கே, பிறகு மாவட்டம். பூங்காவைத் தொடும் உமுரெங்கேக்களிலிருந்து, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவோ உள்ளூர் நிர்வாகம் வழியாகவோ திட்டங்கள் மேலே போகும். மாவட்டத்தின் வளர்ச்சித் திட்டத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானவற்றுக்கு வளர்ச்சி வாரியம் பணம் கொடுக்கும். இந்தப் பூங்காவைப் பொறுத்தவரை முசான்சே, புரேரா, ந்யாபிஹு, ருபாவு ஆகிய நான்கு மாவட்டங்கள் இதில் வரும்.

இந்தப் பணத்தில் வகுப்பறைகள், சுகாதார நிலையங்கள், சாலைகள், மழைநீர்த் தொட்டிகள் வந்திருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். எரிமலைப் பாறையில் துளைகள் அதிகம். பெய்த மழை அடியில் இறங்கி ஓடிவிடும். ஆண்டு முழுக்க மழை பெய்கிற இடத்திலேயே குடிக்கத் தண்ணீர் இருக்காது. காட்டுக்குள் போய்த் தண்ணீர் மொண்டு வரும் பெண்கள் சட்டப்படி அத்துமீறியவர்கள் ஆகிவிடுவார்கள். ஊரிலேயே தொட்டி கட்டிக் கொடுத்தால் அவர்கள் காட்டுக்குள் போக வேண்டிய காரணமே போய்விடுகிறது. கொரில்லாவுக்கும் நல்லது, அந்தப் பெண்களுக்கும் நல்லது.

குறை எங்கே என்றால், பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது. காட்டெருமை மேய்ந்தது ஒருவருடைய வயலை. காட்டின் எல்லையில் உள்ள கல் மதிலை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கும், மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சாலையோரம் கடை வைத்திருப்பவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் பங்கு. நட்டம் மட்டும் மதிலோரத்துக்காரருக்கு. போதாததற்கு, சாலையும் பள்ளியும் அரசாங்கம் எப்படியும் போட்டுத்தர வேண்டியவை. அவற்றைக் கொரில்லாப் பணத்தில் கட்டிவிட்டு உங்கள் பங்கு கொடுத்தாகிவிட்டது என்றால், அடிவாரத்து மக்கள் முகம் சுளிப்பதில் தப்பில்லை. திட்டத்தேர்வு மாவட்டத்தின் முன்னுரிமையைப் பார்த்து நடக்காமல், நட்டப்படுகிறவரின் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் இழப்பீட்டுச் சட்டம். 2011-இல் ருவாண்டா இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. பூங்கா விலங்கு பயிரை அழித்தாலோ, ஆடுமாட்டைக் கொன்றாலோ, ஆளைக் காயப்படுத்தினாலோ, உயிரே போனாலோ, சிறப்பு உத்தரவாத நிதியம் பணம் தர வேண்டும். காப்பீடு இல்லாத வண்டி மோதியோ, மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியாலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தருவதும் இதே நிதியம்தான். இது தனி ஆளுக்கான உரிமை. ஊர்ப் பொதுவில் கரைந்துபோகாது. ஆனால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் போன இடத்தில் அடிபட்டால் கேட்க முடியாது.

நடைமுறை இப்படிப் போகும். காலையில் வயலுக்குப் போகிறீர்கள். கிழங்குச் செடி தரையோடு மிதிபட்டுக் கிடக்கிறது, ஈர மண்ணில் குளம்புத் தடம். உடனே உள்ளூர்த் தலைவரிடம் சொல்ல வேண்டும். வேளாண் அலுவலரும் பூங்கா ஊழியரும் வந்து தடத்தைப் பார்த்து, எந்த விலங்கு, எவ்வளவு பரப்பு, என்ன பயிர், எந்த வளர்ச்சியில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த அறிக்கையோடு அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சேர்ந்து நிதியத்துக்குப் போகும். இதில் ஆபத்தான இடம் முதல் கட்டம்தான். இந்த மலையில் மழை அடிக்கடி கொட்டும். தடம் ஒரு நாளில் கரைந்துவிடும். அதிகாரி வருவது தள்ளிப்போனால் எருமை வந்ததற்குச் சாட்சியே இருக்காது. அப்புறம், துண்டு நிலத்தில் நட்டம் சின்னதாக இருந்தால் அலைச்சலுக்கே அந்தப் பணம் காணாது என்று பலர் விட்டுவிடத் தோன்றும். இப்படி விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு வயலும் கணக்கில் வராத நட்டம்.

எல்லையில் ஒரு கல் மதில் இருப்பதை முன்பே சொன்னேன். 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். எரிமலைக் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிக் கட்டியது. எருமை மதில் என்று பெயர். இதைக் கட்டியதிலும் பராமரிப்பதிலும் ஊர் மக்களின் உழைப்பு இருக்கிறது. சாந்து இல்லாததால் மழைக்குக் கல் சரியும், சரிந்த இடத்தில் எருமை இறங்கும். கொரில்லாவுக்கோ மதில் ஒரு பொருட்டே இல்லை. யூக்கலிப்டஸ் பட்டையை உரித்துத் தின்ன ஏறி வந்துவிடும். ஆனாலும், ஒரு விவசாயிக்கு ஆண்டுக் கடைசியில் வரும் வகுப்பறையைவிட, இடிந்த மதிலை அடுத்த நாளே எடுத்துக்கட்டும் கூலியாள் பெரிய உதவி.

உகாண்டாவோடு ஒப்பிட்டால் ருவாண்டாவின் ஏற்பாடு தாராளமானதாகத் தெரியும். அங்கே பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளுக்குப் போகிறது. ஆனால் பெரும்பணம் புரளும் கொரில்லா பெர்மிட்டிலிருந்து ஒரு பெர்மிட்டுக்கு 10 டாலர்தான் ஊருக்கு. ருவாண்டாவிலோ முழு விலைப் பெர்மிட் ஒன்றுக்கு 150 டாலர். ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. சுற்றுலாப் பயணி வராவிட்டால் பங்கும் வராது. 2020 மார்ச்சில் பூங்காக்களை மூடியபோது பார்த்தோமே. எருமை மட்டும் வழக்கம்போல வயலுக்கு வந்தது.

இந்தக் கணக்கில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறவர்கள் த்வா மக்கள். வயல் வைத்துப் பிழைத்தவர்கள் இல்லை. காட்டில் வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்தவர்கள். காட்டைப் பாதுகாத்தபோது அவர்கள் வெளியே வந்தாக வேண்டியிருந்தது. நிலம் இல்லாதவருக்குப் பயிர் இழப்பீடு என்ற உரிமையால் என்ன பயன்? கூட்டுறவுச் சங்கத்தில் குரல் இல்லாதவர் எந்தத் திட்டத்தை முன்வைப்பார்? பங்கு தரும் சட்டம் யாரை முதலில் நினைத்திருக்க வேண்டுமோ, அவர்களுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்புகூட இல்லை.

இப்போது பூங்காவையே பெரிதாக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. கொரில்லாக் கூட்டங்கள் பெருகியதால் இடம் போதவில்லை. கூட்டங்கள் மோதிக்கொள்ளும்போது குட்டிகள் சாகின்றன. பூங்காவைச் சுமார் 23 சதவீதம் விரிவாக்குவது திட்டம். அதற்காக ஏறத்தாழ 3,400 விவசாயக் குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருக்கும். கினிகியில் மாதிரிக் கிராமம் ஒன்றை 2021-இல் திறந்து, வீடு, பள்ளி, கோழிப்பண்ணை என்று காட்டியிருக்கிறார்கள். வீடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கிழங்கு பயிரிட்டுப் பழகிய குடும்பத்துக்கு வீட்டைவிட நிலம்தான் சோறு. இடம் மாறுகிறவர்களுக்கு நில மதிப்போடு, விரிவாகும் காட்டின் வருவாயில் குடும்ப வாரியாகப் பங்கு தர வேண்டும். 10 சதவீதம் என்ற விதி ஏற்கெனவே இருப்பதால் இது எட்டாத கனவு அல்ல.

அங்கே போகும் யோசனை உள்ளவர்களுக்கு ஒன்று. காலையில் கினிகியில் கூடும்போது, மூட்டை தூக்க ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்; முன்பு காட்டில் கண்ணி வைத்தவர்கள்கூட அவர்களில் இருப்பார்கள். உங்களிடம் தூக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் காட்டுச் சேற்றில் கை கொடுத்து ஏற்றிவிட அவர் இருப்பார். நீங்கள் தரும் கூலி எந்த அலுவலகத்துக்கும் போகாமல் அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்ச்சேரும்.