போன் அணைந்தாலும் டிவியில் படம் ஓடுவது எப்படி?

போனில் ஒரு வீடியோவைத் திறந்து, மேலே இருக்கும் காஸ்ட் குறியைத் தொடுகிறோம். சில நொடிகளில் அது டிவியில் ஓடுகிறது. படம் போனிலிருந்து டிவிக்குப் பாய்கிறது என்றுதான் நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். ஒரு நாள் பாதிப் படத்தில் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. டிவியில் படம் நிற்கவே இல்லை. அப்போதுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

போன் அனுப்புவது படத்தை அல்ல, படம் இருக்கும் முகவரியை மட்டும்தான். டிவிக்குப் படமும் ஒலியும் போகும் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிய ஸ்டிக் என்ற சிறு கருவி, அந்த முகவரிக்கு வைஃபை வழியாகத் தானே போய்ப் படத்தை எடுத்துக்கொள்கிறது. அதன்பின் போன் வெறும் ரிமோட். 2013-இல் வந்த கூகுளின் குரோம்காஸ்ட் ஸ்டிக் இப்படித்தான் வேலை செய்தது. போனிலேயே சேமித்து வைத்த வீடியோ என்றால் கதை வேறு. அதை போன்தான் அனுப்பியாக வேண்டும். போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிரரிங்கும் அப்படித்தான். அதனால்தான் அதில் போன் சூடாகிறது, சார்ஜும் வேகமாக இறங்குகிறது.

சரி, ஸ்டிக் இருப்பது போனுக்கு எப்படித் தெரியும்? ‘இங்கே படம் ஓட்டும் கருவி ஏதாவது உண்டா?’ என்று போன் அந்த வைஃபை வட்டத்துக்குள் ஒரு பொதுக் கேள்வி விடுகிறது. ஸ்டிக் தன் பெயரைச் சொல்லிப் பதில் தருகிறது. போன் வேறு வைஃபையில் இருந்தால் இந்தக் குரல் எட்டாது. பட்டியலில் ஸ்டிக்கின் பெயரும் வராது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரு ஃபுல் எச்.டி. படச்சட்டத்தில், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தில், 1920 × 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறு தகவல் அலகு). நொடிக்கு 30 சட்டங்கள் என்றால், ஏறத்தாழ 150 கோடி பிட். ஆனால் இணையத்திலிருந்து நொடிக்கு 50 லட்சம் பிட் அளவில் வந்தாலே நல்ல படம் கிடைக்கிறது. முந்நூறில் ஒரு பங்கு! சுவர் முன்னால் ஒருவர் நின்று பேசுகிறார் என்று வையுங்கள். சுவர் மாறுவதில்லை, அதை ஏன் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்? ஒரு முழுச் சட்டத்தை அனுப்பிவிட்டு, அப்புறம் உதடு அசைந்தது, தலை திரும்பியது என்று மாற்றங்களை மட்டும் அனுப்பினால் போதும். அந்தக் குறிப்புகளை வைத்து ஒவ்வொரு சட்டத்தையும் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முழுசாக வரைந்துவிடுகிறது, ஸ்டிக்கின் சிப்பில் இதற்கென்றே இருக்கும் ஒரு மின்சுற்று. ஒரு பக்கம் ஓடையாக நுழைவது, எச்.டி.எம்.ஐ. வழியே வெள்ளமாக வெளியேறுகிறது. விரல் நீளக் கருவிக்குள் இவ்வளவும் நடக்கிறது!

படம் ஒரே கோப்பாகவும் வருவதில்லை. சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சர்வரில் இருக்கிறது. முந்தைய துண்டு வந்த வேகத்தைப் பார்த்து அடுத்ததன் தரத்தை ஸ்டிக் தேர்ந்தெடுக்கிறது. படம் திடீரென்று மங்கி, பிறகு தெளிவது இதனால்தான். மங்கலாக இருந்தாலும் நிற்காமல் ஓடட்டும் என்பது இதன் கணக்கு.

இன்னொன்று, மின்சாரம். ஸ்டிக்குக்கான மின்சாரத்தை நான் டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்துவந்தேன். ஆனால் பல டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும், அது ஸ்டிக்குக்குப் போதாமல் போகலாம். என் ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து எழுந்ததற்கு வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கூடவே வந்த அடாப்டரில் மாற்றிச் செருகிய அன்றே அந்தத் தொல்லை நின்றது.