அந்தப் பையனின் பெயரைச் சொல்லுங்கள்

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, அதாவது பணியில் உயிர்நீத்த படைவீரர்களுக்கான நினைவு நாள், நெருங்கினாலே என்னைத் தேடி வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஒரு தாய் சொன்னதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். மளிகைக் கடையில் இவரைப் பார்த்ததும் பழைய சிநேகிதி ஒருத்தி தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாளாம். "அவன் பேரை எடுத்தால் நான் அழுதுவிடுவேன் என்று பயப்படுகிறாள். எடுக்காவிட்டால் மட்டும் அழாமலா இருக்கிறேன்?" என்றார். மடியில் மகனின் பள்ளிக் கூடைப்பந்துச் சட்டை. அதில் இருந்த எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஈராக் போரில் இறந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை ஜேசன் டன்ஹமின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க் மாநிலத்தில் சயோ என்ற சின்ன ஊர். 2,000 பேர்கூட இல்லை. அங்கே பள்ளி முடித்து 2000இல் மரைன் படையில் சேர்ந்தவர். தன் குழுவை விட்டுப் பிரிய மனமில்லாமல் பணிக்காலத்தை நீட்டித்துக்கொண்டு ஈராக்கில் இருந்தார். 2004 ஏப்ரல் 14 அன்று சிரிய எல்லையை ஒட்டிய ஹுசைபா அருகே, கைகலப்பில் ஒருவன் கையெறி குண்டை நழுவவிட, டன்ஹம் தன் தலைக்கவசத்தை அதன்மேல் கவிழ்த்து உடம்பாலும் மூடினார். உடனிருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். எட்டு நாள் கழித்து, பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் பெற்றோர் பக்கத்திலிருக்க அவர் உயிர் பிரிந்தது. வயது 22.

2007இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட்டது. ஊர் அஞ்சலகத்துக்கும் ஒரு போர்க்கப்பலுக்கும் அவர் பெயர் இருக்கிறது. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் வீரனைப் பற்றிப் பேசப் பேச, வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது. என்னிடம் வரும் பெற்றோர் ஏங்குவது அதற்குத்தான். அவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எதற்கெல்லாம் கோபம் வரும் என்று கேளுங்கள். "நாட்டுக்காகத்தானே போனான்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். நினைவு நாளுக்கு 'ஹேப்பி' போட்டு வாழ்த்தவும் வேண்டாம். அந்த வீடுகளில் அது கல்லெறிந்த மாதிரி விழுகிறது.

உடன்பிறந்தவர்களை ஊர் சுத்தமாக மறந்துவிடுகிறது. "அம்மாவைப் பார்த்துக்கோ" என்பதோடு சரி. அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. பணியில் இறந்தவரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அரசின் படைவீரர் ஆலோசனை மையங்களான 'வெட் சென்டர்'களில் துயர ஆலோசனை இலவசம். அது முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து எத்தனையோ குடும்பங்கள் வாசல்படி ஏறுவதே இல்லை. 'நான் மட்டும் ஏன் பிழைத்தேன்' என்ற குற்ற உணர்வோடு திரும்பிவந்த தோழர்கள் அமெரிக்காவின் நெருக்கடி உதவி எண்ணான 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் எந்நேரமும் பேச ஆள் கிடைக்கும்.

அந்தச் சிநேகிதி போன வாரம் வீட்டுக்கே வந்தாளாம், பழைய பள்ளிப் புகைப்படம் ஒன்றோடு. ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டவன், அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் காரில் பள்ளிக்குப் போயிருக்கிறான். "எனக்குத் தெரியவே தெரியாது!" என்று அந்தத் தாய் என்னிடம் இந்தக் கதையை ஒரே அமர்வில் இரண்டு முறை சொன்னார்.