வட்டத் திரையில் வரிகளை அடக்குவது எப்படி?

வட்டமான ஸ்மார்ட்வாட்ச் திரையின் உச்சியிலிருந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கி ஒரு வரி எழுதுங்கள். அதற்குக் கிடைக்கும் அகலம் விட்டத்தில் 60 சதவீதம்தான். நடுவில் வரும் வரிக்கோ முழு அகலமும் உண்டு. செயலி வடிவமைப்பவரின் தலைவலி இங்கே தொடங்குகிறது.

2014-ல் ஸ்மார்ட்வாட்ச்களுக்கான கூகுளின் இயங்குதளமான ஆண்ட்ராய்டு வேர் வந்த புதிதில் சுலபமான வழி ஒன்று இருந்தது. வட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரத்துக்குள் எல்லாவற்றையும் வைத்துவிடலாம், எதுவும் வெட்டுப்படாது. ஆனால் அந்தச் சதுரம் வட்டத்தின் பரப்பில் சுமார் 64 சதவீதம்தான். இருப்பதே 3 செ.மீ. அகலம், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண்.

அதே தளத்தின் இன்றைய பெயர் வேர் ஓஎஸ். அதில் பட்டியலை உருட்டிப் பாருங்கள். மேல், கீழ் ஓரங்களை நெருங்கும் வரிகள் சுருங்கி மங்கும். நடுவுக்கு வந்ததும் முழு அளவு பெறும். அழகுக்காகச் செய்ததுபோல் தெரிந்தாலும், குறுகும் வளைவுக்குள் வரியை அடக்கும் வேலையும் அதில் நடக்கிறது.

அடுத்தது அளவு. பிக்சல் எண்ணிக்கையை மட்டும் நம்பினால், நெருக்கமான பிக்சல்கள் கொண்ட திரையில் பட்டன் சுண்டிப்போகும். அதனால் ஆண்ட்ராய்டில் ‘டிபி’ என்ற அலகு. ஓர் அங்குலத்துக்கு 160 டிபி என்பது கணக்கு. 2022-ல் வந்த முதல் பிக்சல் வாட்ச்சின் 384 பிக்சல் அகலம், ஒரு டிபிக்கு இரண்டு பிக்சல் வீதம், 192 டிபி ஆகிறது. 2024-ன் பிக்சல் வாட்ச் 3-ல் 45 மி.மீ. மாடலுக்கு 456 பிக்சல், அதாவது 228 டிபி. 225 டிபியைத் தாண்டினால் பெரிய திரை என்று கூகுளின் வழிகாட்டுதல் பிரிக்கிறது.

தாண்டியதும் என்ன மாற வேண்டும்? எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்குவது சோம்பேறித்தனம் என்பேன். வாட்ச் பெரிதானால் விரல் பெரிதாவதில்லை. தொடும் இடத்துக்குப் பரிந்துரைக்கப்படும் 48 டிபி, ஏறக்குறைய 7.6 மி.மீ., சின்ன வாட்ச்சிலும் பெரிய வாட்ச்சிலும் போதும். ஓர இடைவெளி மட்டும் திரை அகலத்தின் சதவீதமாக இருக்க வேண்டும், ஏனெனில் வட்டம் வளர்ந்தால் வளைவு விழுங்கும் இடமும் அதே விகிதத்தில் வளரும். மிஞ்சும் இடத்தில் இன்னொரு வரி, இன்னொரு பட்டன், இல்லையென்றால் செய்தியின் அடுத்த வாக்கியம்.

ஆப்பிள் வாட்ச்சுக்கு இந்த வட்டத் தொல்லை இல்லை. ஆனாலும் 2015-ல் 38 மி.மீ. மாடலில் 272×340 பிக்சலாக இருந்த திரை, 2022-ல் வந்த முதல் அல்ட்ரா மாடலில் 410×502 ஆகிவிட்டது. 2018 முதல் மூலைகளும் வளைந்துவிட்டன.

இதற்கு மேல், பயனர் எழுத்தளவைக் கூட்டிக்கொள்வார். தமிழ் போன்ற மொழிகளில் நீண்ட சொற்கள் வரியை உடைக்கும். சோதனையை 192 டிபி திரையில், எழுத்தளவை உச்சத்தில் வைத்துத் தொடங்குவதே நல்லது. அங்கே வெட்டுப்படாத பட்டன் பெரிய வாட்ச்சில் வெட்டுப்படுவது அரிது.