புளித்த மாவில் பச்சை ஏன் நிற்பதில்லை?

போன லீவுக்குத் தங்கை மகன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தான். காலையில் ஏதாவது புதுசாக ஊற்றலாமே என்று, ஒரே மாவை மூன்று கிண்ணத்தில் பிரித்தேன். ஒன்றில் பீட்ரூட் விழுது, ஒன்றில் கேரட், ஒன்றில் பாலக் கீரை. முதல் இரண்டு தோசையும் தட்டில் விழுந்த வேகத்தில் காலி. மூன்றாவதைப் பார்த்ததும், "இதென்னங் பெரியம்மா, சாணி கலர்ல இருக்குது?" என்றான். பொய் சொல்லவில்லை. கிண்ணத்தில் வாழைக்குருத்து மாதிரி இருந்த மாவு, கல்லில் ஒரு நிமிடம் வெந்ததற்குள் வாசல் தெளிக்கக் கரைத்த சாணியாகவே மாறியிருந்தது.

மாவு ஒன்றுதான், கல்லும் தீயும் ஒன்றுதான். பச்சைக்கு மட்டும் என்ன கேடு வந்தது? தீயைத்தான் முதலில் குறை சொல்லத் தோன்றும். தீக்கும் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. முந்தின நாள் சாயங்காலம் மாவை ஆட்டி மூடி வைத்தோமே, பாதி வேலை அப்போதே நடந்துவிட்டது.

அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. வாயு மாவைப் பொங்க வைக்கிறது, அமிலம் புளிக்க வைக்கிறது. இதில் பெரிய பங்கு லூகோநாஸ்டாக் என்ற வகைக்கு. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் தண்ணீர் 7. ஆட்டியவுடன் மாவு சுமார் 6-ல் இருக்கும், காலையில் 4.5-க்குப் பக்கம் வந்துவிடும். ஒன்றரை எண்தானே என்று நினைக்கக் கூடாது. இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். ஒன்றரை இறங்கினால் 30 மடங்குக்கு மேல். சித்திரை மாதத்து ஈரோட்டு வெக்கையில் விடியும் முன்பே புளித்து வழிந்துவிடும் மாவு, மார்கழிக் கோவையில் எட்டு மணி வரைக்கும் அசையாமல் கிடக்கும். அதனால் ஒரே கைப்பக்குவத்தில் ஆட்டியதாக இருந்தாலும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் புளிப்பு வேறுதான்.

இப்போது கீரைக்கு வருவோம். கீரையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதன் மூலக்கூறின் நடுவில், வண்டிச் சக்கரத்தின் குடம் போல, ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்த மக்னீசியம் வெளியேறி, அதன் இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துகொள்ளும். மிச்சமெல்லாம் அப்படியே இருந்தாலும் பச்சை போய்விடும். பியோபைட்டின் என்ற அந்தப் புதுப் பொருளின் நிறம்தான் எங்கள் வீட்டுப் பையன் சொன்ன நிறம். புளி ஊற்றிக் கடைந்த கீரை மங்கிப்போவதும் இதனால்தான்.

அரைப்பது இதை இன்னும் வேகப்படுத்துகிறது. இலையின் செல்களுக்குள் தனி அறையில் அடைபட்டிருக்கும் கீரையின் சொந்த அமிலங்கள், மிக்ஸி ஓடியதும் பச்சையத்தோடு கலந்துவிடுகின்றன. அடையில் உருவிப் போட்ட முருங்கை இலை வெந்த பிறகும் ஓரளவு பச்சையாகவே இருக்கிறது அல்லவா? அது அரைபடாத இலை. கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, பிறகு அரைத்தால் கொஞ்சம் தாங்கும். அமிலத்தில் ஒரு பகுதி வெந்நீரோடு போய்விடுவதே காரணம். சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவார்கள். நிறம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் சோடாவின் காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிர்க்குணம்) பட்டால் பி1 வைட்டமின் அழியும், வாயில் சவர்க்கார வாடையும் தட்டும். எனக்கு அந்த வழி பிடிக்காது. அதைவிட, புளிக்காத மாவுக்குக் கீரையை மாற்றிவிடலாம். பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்தவுடன் ஊற்றும் தோசையில் கீரையைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பச்சையத்துக்கு ஆகாத அதே புளிப்பு பீட்ரூட்டுக்குத் தாய்வீடு. அதன் சிவப்புக்குப் பெயர் பீட்டானின். 4-லிருந்து 6 வரைக்குமான பி.எச். அதற்கு வசதியான இடம், புளித்த தோசைமாவு நிற்பதும் அங்கேதான். அதிகச் சூட்டில் இந்தச் சாயம் இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளில் ஒன்று மஞ்சள் நிறம், அதனால்தான் நெடுநேரம் வேகவைத்த பீட்ரூட் பழுப்படிக்கிறது. தோசைக்கோ ஓரிரு நிமிடச் சூடுதான். அதோடு, லேசான புளிப்பில் ஆறும்போது பிரிந்த துண்டுகளில் கொஞ்சம் மறுபடி சேர்ந்துகொள்வதும் உண்டு.

இன்னொரு லாபமும் இருக்கிறது. பீட்ரூட்டில் ஒரு மண் வாசனை வருமே, அது ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. முதல் மழைக்குப் பின் காட்டில் எழும் வாசனையிலும் அதே பொருள்தான் இருக்கிறது. மழைக்கு நன்றாயிருக்கும், தோசைக்கு ஆகாது. அமிலம் பட்டால் அது சிதையும். அதனால் பீட்ரூட் வேண்டாம் என்று முகம் திருப்பும் பிள்ளைகளுக்குப் பொரியலைவிடத் தோசையாகக் கொடுப்பது சுலபம். (மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது சாயம்தான், பதற வேண்டாம்.)

கேரட்டைப் பற்றிக் கவலையே வேண்டியதில்லை. நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவரும் கேரட்டும், நம் காட்டில் விளையும் அரசாணிக்காயும் (பரங்கிக்காய்) நிறத்தில் ஒரே குடும்பம். இரண்டிலும் இருப்பது கரோட்டின். 1831-ல் இதை முதலில் பிரித்தெடுத்ததே கேரட்டிலிருந்துதான், பெயரும் அதிலிருந்தே வந்தது. கல்லின் சூடும் மாவின் புளிப்பும் அதை லேசில் அசைக்காது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கேரட் தோசையைச் சுற்றி விட்ட எண்ணெய் மஞ்சளாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு இதை வைட்டமின் ஏ-யாக மாற்றுகிறது. குடல் இதை உறிஞ்சவும் கொழுப்பு துணை வேண்டும் என்பதால், இந்தத் தோசைக்கு மட்டும் எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு துண்டு வைத்தாலும் சரி. வெண்ணெயிலும் இதே கதைதான். மாடு தின்ற புல்லின் கரோட்டின் பாலுக்கு வருவதால் பசு வெண்ணெய் மஞ்சளாக இருக்கிறது. எருமை அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் அதன் வெண்ணெய் வெள்ளை.

மஞ்சள்தூளும் நிறத்துக்கு உதவும், ஆனால் சோடாவோடு சேர்க்காதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல் மாவிலும் நடந்து, சோடா கரையாத இடமெல்லாம் சிவப்புப் புள்ளி விழும். ஊதா முட்டைக்கோஸ் இன்னும் விளையாட்டுக்காரன். புளிப்பில் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும், காரத்தில் நீலத்தை நோக்கிப் போகும்.

சரி, சாயம் பிழைத்துவிட்டது. ஆனால் தோசை பிய்கிறதே என்பவர்களுக்கு: பீட்ரூட், கேரட், கீரை எல்லாமே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். இளக்கமான மாவில் விழுதையும் ஊற்றினால், வெந்து இறுகிப் பிடிப்பதற்கான மாவுச்சத்து போதாமல் போகும். மாவைக் கெட்டியாக ஆட்டி, இளக்குவதற்குத் தண்ணீருக்குப் பதில் விழுதையே விடுங்கள். நான்கு கரண்டி மாவுக்கு ஒரு கரண்டி விழுது எனக்குச் சரியாக வருகிறது. காய்களில் சர்க்கரையும் இருப்பதால் சீக்கிரம் கருகும். தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. 'சுர்' என்று உடனே வற்ற வேண்டும்.

கடைசியில் மடிப்பது. தோசையின் அடிப்பக்கம் 140 டிகிரியைத் தாண்டிச் சிவக்கும்போது, ஈரம் இருக்கிறவரை மேல்பக்கம் 100-ஐத் தாண்டாது. நிறம் நிற்பது அந்த மேல்பக்கத்தில்தான். நாமோ வழக்கமாக முறுவலை வெளியே காட்டி மடித்து, இவ்வளவு பாடுபட்ட நிறத்தை உள்ளே ஒளித்துவிடுகிறோம். நான் இப்போது கொஞ்சம் கனமாகக் கல்தோசையாக ஊற்றி, மூடி போட்டு வேகவைத்து, திருப்பாமல் அப்படியே எடுத்து விரித்துப் போடுகிறேன். பச்சைக்குப் பச்சைப்பயறு மாவுதான். பையன் இரண்டு சாப்பிட்டான், நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சட்னிதான் காரமாம்.