நான்காவது டவுனில் உதைப்பதா, துணிவதா?

2009 நவம்பர் 15, இண்டியானாபொலிஸ். அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் ஒன்று முடிய இன்னும் 2 நிமிடம் 8 நொடி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 34, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 28. பந்து பேட்ரியாட்ஸ் கையில் இருக்கிறது, ஆனால் அவர்களுடைய சொந்த எல்லைக்கோட்டிலிருந்து வெறும் 28 கெஜ தூரத்தில். அது அவர்களின் கடைசி முயற்சி. 2 கெஜம் முன்னேறியாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடுவதுதான் காலங்காலமான வழக்கம். பயிற்சியாளர் பில் பெலிசிக் உதைக்கச் சொல்லவில்லை. டாம் பிரேடி எறிந்த பந்தைப் பிடித்த கெவின் ஃபால்க், தேவையான கோட்டுக்குச் சற்று முன்பே மடக்கப்பட்டார். பந்து கை மாறியது. 13 நொடி மிச்சமிருக்கையில் பேட்டன் மேனிங் ரெஜ்ஜி வெய்னுக்கு எறிந்து டச்டவுன் எடுக்க, கோல்ட்ஸ் 35-34 என்று வென்றது.

பெலிசிக் மேல் வசைமழை பொழிந்தது. அவர் எடுத்தது சரியான முடிவு என்பதே என் கட்சி. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானம் 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். 10 கெஜம் கடந்தால் மறுபடி நான்கு கிடைக்கும். எதிரணி எல்லையைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஒரு உதையில் பெரும்பாலும் இன்னொன்று. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. நான்காவது டவுனிலும் 10 கெஜம் நிறையாவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் நான்காவது டவுன் வந்தால் அணிகள் பந்தைத் தூர உதைத்துவிடும். அந்த உதைக்குப் பெயர் பன்ட்.

இந்தப் பழக்கத்தைக் கணக்கால் சோதிக்க ஒரு அளவுகோல் வேண்டுமே! அதை முதலில் செய்து கொடுத்தவர்களில் ஒருவர் களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் என்பது எனக்கு இன்றும் வியப்பு. வெர்ஜில் கார்ட்டர், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர். அவரும் ராபர்ட் மேக்கல் என்ற பேராசிரியரும் 1969 பருவத்தின் 56 ஆட்டங்களைப் பிரித்து அடுக்கி, 1971-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: இந்த இடத்தில் ஓர் அணிக்கு முதல் டவுன் கிடைத்தால், அடுத்த புள்ளி யாருக்குப் போகிறது? நமக்கு என்றால் கூட்டல், எதிரணிக்கு என்றால் கழித்தல். எல்லாவற்றையும் சராசரி எடுத்தால் மைதானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பு கிடைத்துவிடும். எதிரணி எல்லைக்கு 5 கெஜம் இருக்கையில் மதிப்பு 6.04 புள்ளி. 75 கெஜம் இருந்தால் 0.24. இன்னும் 95 கெஜம் போக வேண்டுமென்றால் −1.25. அதாவது சொந்த எல்லையோரம் மாட்டிக்கொண்ட அணிக்குப் பந்து கையில் இருப்பதே நஷ்டம்! அடுத்த புள்ளியை எதிரணி எடுக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த அளவுகோலின் அருமையை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பெர்க்லி பொருளியலாளர் டேவிட் ரோமர் சொன்ன நிலைமை இது. ஆட்டத் தொடக்கம், நான்காவது டவுன், எதிரணி எல்லைக்கு 2 கெஜம். ஃபீல்ட் கோல் உதைத்தால் 3 புள்ளி கிட்டத்தட்ட உறுதி. டச்டவுனுக்கு முயன்றால் ஏழில் மூன்று முறை கைகூடும். 7 புள்ளியை 3/7 ஆல் பெருக்கினால் அதுவும் 3. சமம்தானே, உறுதியானதை எடுத்துக்கொள்வோம் என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்து நடப்பதையும் சேர்க்க வேண்டும். புள்ளி எடுத்தால் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர்கள் தங்கள் எல்லையிலிருந்து ஏறக்குறைய 25 கெஜம் தள்ளி வசதியாகத் தொடங்குவார்கள். முயன்று தோற்றாலோ அவர்கள் தங்கள் எல்லையோரத்திலேயே சிக்கிக்கொள்வார்கள். கார்ட்டர் அட்டவணைப்படி இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரைப் புள்ளி. அது ஏழில் நான்கு முறை நமக்குச் சாதகமாக வரும். சராசரியில் சுமார் 0.85 புள்ளி லாபம்!

ரோமர் இதைப் பெரிய அளவில் செய்தார். 1998 முதல் மூன்று பருவங்களின் ஆட்டங்களில் முதல் கால் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்; அங்கே கடிகாரமும் புள்ளி வித்தியாசமும் முடிவுகளைக் குழப்பாது. ஒரு சிக்கல் இருந்தது. நான்காவது டவுனில் துணிந்த அணிகள் குறைவு, ஆகவே தரவும் குறைவு. அதனால் மூன்றாவது டவுனில் அதே தூரத்துக்கான முயற்சிகளைக் கொண்டு வெற்றி வாய்ப்பைக் கணித்தார். 2006-இல் வெளியான கட்டுரையின் முடிவு: துணிவதே மேல் என்று கணக்கு சொன்ன 1,068 நான்காவது டவுன்களில் அணிகள் 959 முறை உதைத்திருந்தன.

இனி இண்டியானாபொலிஸ். இங்கே புள்ளிக் கணக்கு உதவாது; ஆட்டம் முடியும் நேரம். வெல்லும் வாய்ப்பைத்தான் பார்க்க வேண்டும். 2 கெஜ முயற்சி கைகூட வாய்ப்பு சுமார் 60%. கைகூடினால் வெற்றி ஏறக்குறைய கையில். தவறினால் பேட்ரியாட்ஸ் எல்லைக்கு 29 கெஜத்தில் பந்தைப் பெறும் அணி டச்டவுன் எடுக்க வாய்ப்பு சுமார் 53%. உதைத்துவிட்டால், நீண்ட தூரம் வர வேண்டிய அணிக்கு அந்த வாய்ப்பு சுமார் 30%. உதைத்தால் பேட்ரியாட்ஸ் வெல்லும் வாய்ப்பு 70%. துணிந்தால் 60 கூட்டல், மீதி 40-இல் 47%, மொத்தம் 79%. முயற்சி கைகூடும் வாய்ப்பை 44% வரை இறக்கினால்கூட துணிவது தோற்காது.

“மேனிங் மாதிரி ஆளுக்கு 29 கெஜத்தில் பந்தைக் கொடுக்கலாமா?” என்றார்கள். மேனிங்குக்குப் பயப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்தை இரண்டு பக்கமும் போட வேண்டும். கிட்டத்திலிருந்து 80%, தூரத்திலிருந்து 50% அவர் டச்டவுன் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். உதைத்தால் வெல்லும் வாய்ப்பு 50%, துணிந்தால் 68%. எதிராளி எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவுக்கு அவர் கையில் பந்து போகாமல் பார்ப்பதுதான் லாபம்.

பிறகு ஏன் பயிற்சியாளர்கள் உதைத்தார்கள்? உதைத்துத் தோற்றால் பழி தடுப்பாட்டக்காரர்கள் தலையில். துணிந்து தோற்றால் பழி முழுக்கப் பயிற்சியாளர் தலையில், வேலையும் போகலாம். அவருக்கு 9% கூடுதல் வாய்ப்பைவிட அந்த வித்தியாசம் பெரிது. இது கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். முடிவை விளைவைக் கொண்டு மட்டும் எடைபோடும் நிர்வாகமும் ரசிகர்களும் இருக்கும்வரை அப்படித்தான் நடக்கும்.

கணக்குக்கும் எல்லை உண்டு. அது சொல்வது சராசரி அணியைப் பற்றி. காயம்பட்ட குவார்ட்டர்பேக்கையோ கொட்டும் மழையையோ அது தானாக அறியாது. 51-க்கு 49 என்று வந்தால் பயிற்சியாளர் தன் கண்ணை நம்பலாம். 79-க்கு 70 அப்படி அல்ல.

2018 பிப்ரவரி 4, பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 32, பேட்ரியாட்ஸ் 33. மிச்சம் 5 நிமிடம் 39 நொடி. ஈகிள்ஸுக்கு நான்காவது டவுன், தங்கள் பாதியில், 45 கெஜக் கோட்டில். வேண்டியது 1 கெஜம். பயிற்சியாளர் டக் பெடர்சன் அணியில் எண்ணாய்வு ஆட்கள் ஆட்ட நேரத்திலேயே ஹெட்செட் வழியே யோசனை சொல்வது அதற்குள் வழக்கமாகியிருந்தது. எதிரே பந்துக்காகக் காத்திருந்தவர் அதே பிரேடி. பெடர்சன் உதைக்கவில்லை. ஸேக் எர்ட்ஸ் பந்தைப் பிடித்து 2 கெஜம் முன்னேறினார். மூன்று நிமிடம் கழித்து அதே எர்ட்ஸ் டச்டவுன் எடுத்தார்.